நாலு நாள் டீச்சராகக் கம்பத்துக்குப் போக வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்குகிறது. உங்கள் ஞாயிறு பதிப்பில், போர்னியோ தீவில் இருக்கிற நம் சபா மாநிலத்துக்குப் பயண விளம்பரங்கள் வரத் தொடங்கிவிட்டன. மழைக்காடு, தீவு, கம்பத்துச் சேவை, அதாவது அங்குள்ள கிராமம் ஒன்றில் தொண்டு, மூன்றும் ஒரே பயணத்தில் என்கிறார்கள். அதைப் பாராட்டி ஒரு வாசகர் எழுதியதையும் படித்தேன். எங்கள் குடியிருப்புத் தாமானிலேயே இரண்டு இளைஞர் மன்றங்கள் பேர் எடுத்துக்கொண்டிருக்கின்றன. போன வருடம் அப்படி ஒரு பயணத்தில் போய் வந்தவள் என்பதால் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள், 34 வருடம் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியவளுக்குச் சுருக்கமாகப் பேச வராது.

போக ஆசைப்பட்டது நான் இல்லை, என் அண்ணன் மகள். ஆறாம் படிவத்து எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருந்த நேரம். தனியாக அனுப்ப மாட்டேன் என்றார் அண்ணன், அத்தை கூடப் போனால் சரி என்றார், அப்படித்தான் 60 வயதில் நான், காட்டில் அட்டைப்பூச்சி கடிக்காமல் போட்டுக்கொள்கிற அட்டைக் காலுறை வாங்கினேன். 12 நாள், ஆளுக்கு ஏறக்குறைய 6,000 ரிங்கிட், விமானச் செலவு தனி. பயணத்தை நடத்திய நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அந்த ஒரு நிறுவனத்தோடு முடிகிற விஷயமும் இல்லை இது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது நிறைய இருந்தது.

சபாவின் கிழக்குக் கரை ஊரான சண்டக்கானில் இறங்கியதும் குடிநுழைவு வரிசை. சொந்த நாட்டுக்குள்தான் வந்திருக்கிறோம், ஆனாலும் தீபகற்பத்துக்காரர்கள் மைகார்ட் அடையாள அட்டையை நீட்டி ஒரு துண்டுச்சீட்டு வாங்க வேண்டும், மலேசியா உருவானபோதே சபா வாங்கிக்கொண்ட உரிமை அது. சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள், திரும்பும்போது கேட்பார்கள். அங்கிருந்து செப்பிலோக். 1964இல் தொடங்கிய, ஒராங் ஊத்தான் என்கிற வாலில்லாக் குரங்குகளுக்கான மறுவாழ்வு மையம், தாயை இழந்த குட்டிகளை வளர்த்து, பக்கத்திலேயே இருக்கிற காட்டுக்குள் மெல்ல விடுகிறார்கள். தீனி வைக்கும் நேரத்தில் எல்லாக் குரங்குகளும் வரும் என்று நினைத்துப் போகாதீர்கள், நாங்கள் போன அன்று இரண்டுதான் வந்தன. அங்கிருந்த ஊழியர், வராமல் இருந்தால்தான் எங்களுக்குச் சந்தோஷம், காட்டிலேயே சாப்பாடு கிடைக்கிறது என்று அர்த்தம் என்றார்.

அடுத்து கினபாத்தாங்கான் ஆறு. 560 கிலோமீட்டர், சபாவிலேயே நீளமானது. காலை ஆறு மணிக்குப் பனி விலகுமுன்னே படகில் ஏற்றிவிடுவார்கள், தேநீர்கூட கிடையாது. இருவாச்சிப் பறவைகள் ஜோடி ஜோடியாகத் தலைக்கு மேல் போகும்போது சிறகுச் சத்தம் கேட்கிறது பாருங்கள், யாரோ ஈரத் துணியை உதறுகிற மாதிரி இருக்கும். சாயங்காலம் ஆற்றோர மரங்களுக்குத் தூங்க வருகின்றன நீளமூக்குக் குரங்குகள், மலாயில் இவற்றுக்கு 'மோஞேட் பெலாண்டா', அதாவது டச்சுக்காரக் குரங்கு என்று பெயர். அந்த மூக்கையும் தொப்பையையும் பார்த்த பிறகு பெயர் வைத்தவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை வந்தது. பயணத்தின் மூன்றாம் நாள் யானைக் கூட்டம் ஒன்று கரையோரப் புல்லில் மேய்ந்துகொண்டிருந்தது. போர்னியோ யானை நம் பக்கத்து யானையைவிடச் சின்னது, முகம் உருண்டையாக, வால் தரையைத் தொடுகிற மாதிரி நீளமாக இருக்கும். படகோட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டார், அரைமணி நேரம் யாரும் பேசவில்லை. அந்த அரைமணி நேரத்துக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் தோட்டத்தில் பிறந்தவளுக்கு இன்னொன்றும் கண்ணில் படும். இத்தனை மிருகங்களை இரண்டே நாளில், படகை விட்டு இறங்காமலேயே, எப்படிப் பார்க்க முடிகிறது? அவற்றுக்குப் போக வேறு இடம் இல்லை, அதனால்தான். 2005இல் சுமார் 26,000 ஹெக்டர் காட்டைச் சரணாலயமாக அரசாங்கத்தில் பதிந்தார்கள், அதுவும் ஒரே துண்டாக இல்லை, ஆற்றங்கரை நெடுக 10 துண்டுகள். துண்டுக்குத் துண்டு நடுவில், எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனைத் தோட்டம். சில இடங்களில் கரையிலிருந்து நாலு வரிசை மரம்தான் காடு, அதற்குப் பின்னால் வரிசை பிசகாமல் செம்பனை நிற்கிறது, படகிலிருந்தே தெரியும். வழிகாட்டி அதைப் பற்றிப் பேசவில்லை, நானாகக் கேட்டதற்குச் சிரித்தார். சண்டக்கானிலிருந்து வரும் சாலையில் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளையும் பார்த்தேன், தகரக் கூரை, முன்னால் துணிக்கொடி, சைக்கிள், கோழி. எங்கள் லயம்தான். உள்ளே இருக்கிறவர்கள் இந்தோனேசியர்கள், பிலிப்பீன்ஸ்காரர்கள்.

தீவுக்கு வருகிறேன். செலிங்கான், சண்டக்கானிலிருந்து 40 கிலோமீட்டர், வேகப்படகில் ஒரு மணி நேரம். ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்க வைக்கும் வேலை 1966இலிருந்து அங்கே நடக்கிறது, 1977இல் பக்கத்துத் தீவுகள் இரண்டையும் சேர்த்துப் பூங்காவாக்கினார்கள். இங்கே எனக்கு மிகவும் பிடித்தது கட்டுப்பாடு. ராத்திரி எத்தனை ஆமை கரையேறினாலும் பார்வையாளர்களுக்குக் காட்டுவது ஒன்றே ஒன்றுதான், அதுவும் முட்டையிடத் தொடங்கிய பிறகுதான் கூப்பிடுவார்கள், டார்ச் லைட் அடிக்கக்கூடாது, சூரியன் சாய்ந்தால் கடற்கரைக்கே போகக்கூடாது. எங்களோடு வந்த ஒருவர், காசு கொடுத்திருக்கிறேன், இன்னொரு ஆமையைக் காட்டு என்று சண்டை போட்டார். காவலர் சத்தமே போடாமல், இது ஆமைகளின் தீவு ஐயா என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார். குழியில் வெயில் பட்டால் பெண் ஆமை, நிழலில் வைத்தால் ஆண் ஆமை என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன், பாதிக் குழிகளுக்கு மேலே வலைக்கூரை போட்டிருந்தார்கள். இத்தனை வருடம் அறிவியல் பாடம் நடத்தியிருக்கிறேன், இது தெரியாது.

அப்புறம்தான் கம்பம்.

எந்தக் கம்பம் என்று சொல்ல மாட்டேன், அந்த மக்கள் மேல் ஒரு குறையும் இல்லை. நான்கு நாள் அங்குள்ள பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது எங்கள் வேலை என்றார்கள். எங்கள் குழுவில் 14 பேர், அதில் வகுப்பில் நின்று பழக்கம் உள்ளவள் நான் ஒருத்திதான். முதல் நாள் நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே பிள்ளைகள் எழுந்து நின்று குட் மார்னிங், ஹவ் ஆர் யூ, ஐ ஆம் ஃபைன் என்று கடகடவென்று சொல்லி முடித்துவிட்டார்கள். ஏபிசி பாட்டும் தெரியும், தலை தோள் முழங்கால் பாட்டும் தெரியும், ஆடிக்கொண்டே பாடினார்கள். எட்டு வயது இருக்கும், ஒரு பெண் குழந்தை என் பக்கத்தில் வந்து மலாயில் கேட்டாள்: "சிக்கு (டீச்சர்), இந்தத் தடவை நிறமா, மிருகமா?"

எனக்கு முதலில் புரியவில்லை. விசாரித்தால் விஷயம் இதுதான். மாதத்துக்கு ஒரு குழு வருகிறது, வருகிற ஒவ்வொரு குழுவும் ஏபிசியில் தொடங்குகிறது, நான்கு நாளில் நிறத்துக்கோ மிருகத்துக்கோ வந்து நிற்கிறது, பிறகு விமானம் ஏறிவிடுகிறது. அடுத்த குழு மறுபடியும் ஏபிசி. முந்தைய குழு எங்கே விட்டது என்று எழுதி வைக்க ஒரு நோட்டுப் புத்தகம் கிடையாது. அந்தக் குழந்தைக்குப் பாடத்திட்டம் எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. வகுப்பாசிரியர் பின்னால் உட்கார்ந்து கணக்குப் புத்தகம் திருத்திக்கொண்டிருந்தார், நாங்கள் எடுத்துக்கொண்டது அவருடைய கணக்குப் பாட நேரம். தனியாகப் பேசியபோது, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, வருகிறவர்கள் மேசை நாற்காலி வாங்கித் தருகிறார்கள், பிள்ளைகளும் சிரிக்கிறார்கள் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான், அங்கே மேசை தேவைதான்.

எனக்குத் தூக்கம் போனது வேறொன்றால். பணம் கட்டிய ரசீதைத் தவிர எங்களிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நீ யார், உன் மேல் வழக்கு ஏதாவது இருக்கிறதா, பிள்ளைகளோடு தனியாக விடலாமா, ஒரு கேள்வி இல்லை. அன்றைக்குச் சாயங்காலமே பிள்ளைகளின் முகங்கள் ஆளாளுக்கு ஃபேஸ்புக்கில். ஈப்போவில் என் பள்ளியில் ஒரு வெளியாள் வந்து இப்படிப் படம் எடுத்திருந்தால் மறுநாள் காலையில் பெற்றோர் ஆசிரியர் சங்கம் வாசலில் நின்றிருக்கும். கம்பத்துப் பிள்ளை என்றால் மட்டும் பரவாயில்லையா?

இங்கே கொஞ்சம் பழைய கதை. 1974 வாக்கில், எனக்குப் பத்து வயது இருக்கும்போது, பேராக்கில் நாங்கள் இருந்த தோட்டத்துக்கு நகரத்திலிருந்து கல்லூரி மாணவர்கள் சேவை செய்ய வந்தார்கள். மூன்று நாள் தங்கினார்கள். என் பாட்டி முட்டைக்காக வளர்த்த கோழியை அடித்து அவர்களுக்குக் குழம்பு வைத்தார். அவர்கள் லயத்துக்குப் பின்னால் கால்வாய் வெட்டினார்கள், பாடினார்கள், எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அடுத்த மழையில் தண்ணீர் முழுக்க, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்குள் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தாத்தாவும் நாலு பேருமாக அதை மூடிவிட்டு வேறு பக்கம் வெட்டினார்கள். பாட்டி திட்டவில்லை. "வந்த புள்ளைங்க நல்ல புள்ளைங்கதான், தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார், அவ்வளவுதான்.

50 வருடம் கழித்து நான் அந்தக் கல்லூரி மாணவர்களின் இடத்தில் நிற்கிறேன், கையில் வண்ண வண்ண மிருக அட்டைகளோடு. கூச்சமாக இருந்தது.

பயணத்தின் கடைசிப் பகுதி செம்பொர்ணா. துன் சக்காரான் கடல் பூங்காவில் இருக்கிற போஹே டூலாங் தீவில் மலையேறி மேலிருந்து பார்த்தால் கடல் பச்சையும் நீலமுமாகத் திட்டுத் திட்டாகத் தெரியும், அழகுக்குக் குறைவில்லை. ஆனால் படகு நின்ற இடத்திலெல்லாம் சின்னச் சின்னக் குழந்தைகள் சம்பான் படகில் வந்து கை நீட்டினார்கள், எங்கள் ஆட்கள் மிட்டாய் வீசினார்கள், வீசினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். படகிலும் கடல்மேல் குடிசையிலும் வாழ்கிற கடல் பஜாவ் மக்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு எந்த நாட்டுப் பத்திரமும் இல்லை, அதனால் பிள்ளைகள் அரசாங்கப் பள்ளிக்குப் போக முடியாது. 2024 ஜூனில் இதே துன் சக்காரான் கடல் பூங்காத் தீவுகளில் அவர்களுடைய வீடுகளை உடைத்து 500 பேருக்கு மேல் வெளியேற்றினார்கள், செய்தியில் வந்ததுதான். பிறப்புப் பத்திரம் இல்லாமல், குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்து செத்த பெரியவர்கள் நம் தோட்டங்களில் எத்தனை பேர் என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆள் உண்மையாகவே தேவைப்படுகிற இடம் ஒன்று இருந்தால் அது இதுதான், அங்கே எங்கள் பயண அட்டவணையில் எழுதியிருந்தது முக்குளிப்பும் மதியச் சாப்பாடும்.

நல்லவேளை, கினபாத்தாங்கானில் எங்கள் படகோட்டி பத்து பூத்தே என்கிற ஊரைப் பற்றிச் சொல்லியிருந்தார். டிக்கெட்டை மாற்றிக்கொண்டு, செம்பொர்ணாவிலிருந்து சண்டக்கான் போகிற பேருந்தில் ஏறி, ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் இறங்கினோம். அங்கே ஓராங் சுங்கை என்கிற ஆற்றங்கரை மக்கள் தாங்களே ஒரு கூட்டுறவு நடத்துகிறார்கள், கோப்பெல் என்பார்கள், 2003இல் தொடங்கியது, அதற்கு முன்பே 90களின் கடைசியிலிருந்து கம்பத்து இளைஞர்கள் இந்த வேலையில் இறங்கிவிட்டார்கள். அந்த வருடங்களின் வறட்சியில் காடு பற்றி எரிந்தது, எரிந்த இடத்தில் மறுபடி மரம் வைக்கத் தொடங்கினார்கள். இன்றைக்கும் அது நடக்கிறது. விருந்தினர் தங்குவதும் முறை வைத்துத்தான், இந்த வாரம் இவர் வீடு என்றால் அடுத்து வருகிறவர் அடுத்த வீடு, பெரிய வீடு வைத்திருப்பவருக்கே எல்லாம் போய்விடாது.

என்ன வேலை செய்ய விருப்பம் என்று எங்களைக் கேட்கவே இல்லை. எனக்கு அதுதான் பிடித்தது. வயது கேட்டார்கள், முட்டி எப்படி என்று கேட்டார்கள், என்னை நாற்றங்காலில் கம்பத்துப் பெண்களோடு உட்காரவைத்துப் பையில் மண் நிரப்பச் சொன்னார்கள். அந்தப் பெண்கள் சம்பளத்துக்கு வருடம் முழுவதும் அந்த வேலையைச் செய்கிறவர்கள், நான் வந்ததால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி குறையவில்லை, நான் போனதால் வேலை நிற்கவும் இல்லை. ஒரு மணி நேரத்தில் நான் நிரப்பியது அவர்கள் நிரப்பியதில் பாதிகூட இருக்காது, அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அண்ணன் மகளைத் துங்கோக் ஏரிக்கு அனுப்பினார்கள். பிரேசில் பக்கத்திலிருந்து வந்த சால்வீனியா என்கிற களை ஏரியை மூடிவிடும், மூடினால் கீழே மீனுக்குக் காற்றும் வெளிச்சமும் போகாது, அதை வாரி வாரிக் கரையில் போட வேண்டும். ஒரு முறை எடுத்தால் போதாது, திரும்பத் திரும்ப வரும். மறுநாள் நட்ட கன்றுகளைச் சுற்றிக் கொடி வெட்டும் வேலை. எனக்குத் தெரியாமல் இருந்தது இது: மரம் நடுவது சுலபமாம், எல்லாரும் படம் எடுத்துக்கொள்ள நட்டுவிட்டுப் போய்விடுவார்கள், அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருடம் கொடியும் புல்லும் அமுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் கஷ்டம், நடுவில் யானை வந்து மிதித்துவிட்டும் போகும். ஆகவே யாரோ நட்ட கன்றுக்கு யாரோ ஒருத்தி பாராங் கத்தியோடு கொடி வெட்டுகிறாள். பெயர்ப் பலகை கிடையாது. திரும்பி வரும்போது முழங்கால் வரை சேறு, கழுத்தில் இரண்டு அட்டை, "அத்தை, இதுக்குத்தான் வந்தேன்" என்றாள்.

ஆசிரியர் ஐயா, பயணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காட்டுக்குப் போகட்டும், தீவுக்குப் போகட்டும், நம் பிள்ளைகள் தீபகற்பத்தை விட்டு வெளியே பார்க்கட்டும். காடு பார்க்கக் காசு கொடுத்துப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு போவதில் ஒரு வெட்கமும் இல்லை. அந்தப் பொட்டலத்தில் நாலு நாள் சேவை என்று ஒன்றைச் செருகுகிறார்களே, அதை மட்டும் கேள்வி கேட்டுவிட்டு வாங்குங்கள் என்கிறேன். இந்த வேலை வேண்டும் என்று கம்பத்தில் யார் கேட்டது, நாங்கள் போன பிறகு அதை யார் தொடர்வார்கள், நான் கட்டும் பணத்தில் எவ்வளவு அந்த ஊரில் நிற்கும். பதில் வரவில்லை என்றால் அந்த நாலு நாளையும் ஆற்றில் கழியுங்கள், யாருக்கும் நஷ்டமில்லை. கற்பிப்பதுதான் ஆசை என்றால் சபா தோட்டங்களுக்கு இந்தோனேசிய அரசாங்கம் அனுப்பும் ஆசிரியர்களைப் பாருங்கள், ஒப்பந்தத்தில் வந்து வருடக்கணக்கில் அந்தத் தோட்டத்திலேயே தங்கிப் பாடம் நடத்துகிறார்கள். அதற்குத் தயார் என்றால் நானே கைதட்டி வழியனுப்புவேன். உங்கள் பத்திரிகையும் அடுத்த முறை இப்படி ஒரு பயணத்தைப் பற்றிக் கட்டுரை போடும்போது, போய் வந்தவர் என்ன உணர்ந்தார் என்பதோடு நிறுத்தாமல் அந்த ஊர்க்காரர் ஒருவரிடமும் இரண்டு வரி வாங்கிப் போட்டால் நன்றாக இருக்கும். இளைஞர் மன்றத் தலைவர்களுக்கும் இதையே நேரில் சொன்னேன், ஒருவர் கேட்டுக்கொண்டார், இன்னொருவர் ஏற்கெனவே டி-சட்டை அடித்துவிட்டோம் டீச்சர் என்றார்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அந்தப் பக்கம் நல்ல மழை, கினபாத்தாங்கான் கரை புரளும், தீவுப் படகும் நிற்கலாம். கொசு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம், மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா நம் நாட்டில் அடங்கிவிட்டாலும் குரங்கிலிருந்து வரும் மலேரியா சபாவில் இருக்கிறது, திரும்பி வந்து காய்ச்சல் கண்டால் எங்கே போய் வந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிழக்குக் கரையில் மாலை 6 மணிக்கு மேல் காலை 6 வரை கடலில் ஊரடங்கு இருக்கும், படகுக்காரர் வேகமாகக் கிளம்பச் சொன்னால் முணுமுணுக்காமல் ஏறுங்கள்.

அண்ணன் மகள் வரும் ஆகஸ்டில் மறுபடி பத்து பூத்தே போகிறாள், மூன்று வாரம், கொடி வெட்ட மட்டும். நான் போகவில்லை, முட்டி ஒத்துழைக்காது. என் அட்டைக் காலுறையைக் கேட்டாள், துவைத்துக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
ஈப்போ.